யாரும் அடிக்காத காயம்

விஜயராணியின் கையில் இருந்த நீலத்தைப் பற்றி முதலில் கேட்டது கலைமகள்தான்.

திருப்பூரில், மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே செக்கிங் பகுதிக்கு கலைமகள் சூப்பர்வைசர். தைத்து வரும் பனியன்களை டியூப்லைட்டுக்கு அடியில் மேசைமேல் விரித்து, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது விஜயராணியின் வேலை. 2007ஆம் வருடம், ஆடி மாதம். புழுக்கம் தாங்காமல் விஜயராணி ரவிக்கைக் கையைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டிருந்தாள். முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கன்றிப்போய்க் கிடந்தது.

"ஏங்கண்ணு, கையில என்ன இது?"

"எங்கயோ இடிச்சிருக்கும்க்கா."

"எங்க இடிச்சே?"

விஜயராணி கையைத் திருப்பித் தானும் பார்த்தாள். "தெரியலக்கா."

அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. ஆனால் கலைமகள் பதினைந்து வருடமாகப் பெண்களை வைத்து வேலை வாங்குகிறவள். கன்றிய கையோடும் வீங்கிய உதட்டோடும் வந்து, கதவில் இடித்துக்கொண்டேன், குழாயடியில் வழுக்கிவிட்டது என்று சொன்ன எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் தினமும் விஜயராணியின் கைகளைக் கவனிக்க ஆரம்பித்தாள். அடுத்த வாரம் அந்த நீலம் பச்சையும் மஞ்சளுமாக மங்கியது. மற்றக் கையில் புதிதாக ஒன்று வந்திருந்தது. அதற்கடுத்த வாரம் தாடைக்குக் கீழே ஒன்று.

கலைமகளுக்கு முன்பே அந்தக் காயங்களைப் பார்த்தவன் ஒருவன் இருந்தான். விஜயராணியின் புருஷன் ஜெயபாண்டி. இரண்டு தெரு தள்ளி ஒரு நிட்டிங் யூனிட்டில் மெஷின் ஓட்டுகிறவன். இருவருக்கும் கோவில்பட்டிப் பக்கம் சொந்த ஊர். எட்டு வருடமாகத் திருப்பூர். ஒரே சுவரை ஒட்டிப் பத்து வீடுகள் வரிசையாக நிற்கும் லைன் வீட்டில், ஓர் அறையும் அடுப்பு மேடையும் கொண்ட ஒரு வீட்டில் குடியிருந்தார்கள். குழந்தை இல்லை.

"தூக்கத்துல நான் கை காலப் போட்டு இடிச்சுருதேனா?" என்று ஒரு நாள் காலையில் கேட்டான்.

"நீங்க மரக்கட்ட மாதிரில்லா தூங்குவீக."

"பெறகு எப்படி வருது?"

"என்னத்தக் கண்டேன். வலிக்கல. விடுங்க."

அவனால் விட முடியவில்லை. அன்றிலிருந்து பாயை எடுத்துக்கொண்டு வெளியே வாசலில் போய்ப் படுத்தான். தன் கைதான் தனக்குத் தெரியாமல் செய்கிறதோ என்று பயந்தான். லைன் வீட்டுப் பெண்களுக்கு அந்தப் பயம் எப்படித் தெரியும்? பெண்டாட்டி உடம்பெல்லாம் காயம். புருஷன் வாசலில் படுத்திருக்கிறான். அவர்கள் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டார்கள்.

ஜெயபாண்டி பயந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணமான முதல் வருடம், ஊரில் இருந்தபோது, அவன் ஒரு தடவை குடித்துவிட்டு வந்து அவளை அறைந்திருக்கிறான். கன்னம் இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது. கேட்டவர்களிடம் எல்லாம் விஜயராணி, குழாயடியில் விழுந்துவிட்டேன் என்றாள். அவள் அண்ணன் முனீஸிடமும் அதையேதான் சொன்னாள். முனீஸ் நம்பவில்லை. தங்கையையும் மாப்பிள்ளையையும் தன்னோடு திருப்பூருக்குக் கூட்டிவந்து, இருவருக்கும் வேலை பிடித்துக் கொடுத்து, "இன்னொரு தடவ இவ மேல கை பட்டுச்சுன்னா நான் சொல்லிக்கிட்டு வரமாட்டேன், மாப்ள" என்று சொல்லி வைத்தான். ஜெயபாண்டி அன்றோடு குடியை விட்டான். அதற்கப்புறம் அவளைத் திட்டியதுகூட அபூர்வம். ஆனால் நடந்தது நடந்ததுதானே.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை, கலைமகள் கம்பெனி ரிஜிஸ்டரில் இருந்த நம்பரைப் பார்த்து முனீஸுக்குப் போன் செய்தாள்.

"நானுங்க, உங்க தங்கச்சி வேலை பாக்கற கம்பெனி சூப்பர்வைசருங்க. தப்பா நெனைக்காதீங்க. புள்ள ஒடம்பப் பாத்தா சரியில்லீங்க. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை முனீஸ் வந்தான். லைன் வீட்டுக் குழாயடியில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். விஜயராணி குடத்தோடு நின்றாள். அவன் அவள் கையைப் பிடித்துச் சேலைத் தலைப்பை விலக்கிப் பார்த்தான். பிறகு தாடையைத் தூக்கிப் பார்த்தான். வாசலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்த ஜெயபாண்டியிடம் போய், எழுப்பி நிறுத்தி, எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்தான். ஜெயபாண்டியின் கையில் இருந்த கண்ணாடி கீழே விழுந்தது. அவன் கையைத் தூக்கவில்லை. முகத்தில் பாதி சோப்பு நுரையோடு அப்படியே நின்றான்.

"அண்ணே, விடுண்ணே! அவுக என்னைத் தொடக்கூட இல்ல!" விஜயராணி குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அப்பம் இது எப்படி வந்துச்சு? சொல்லு."

"தெரியல. தன்னால வருது."

"தன்னால வருதா? அன்னைக்கு என்ன சொன்ன? குழாயடியில விழுந்தேன்னு சொன்ன. அதே மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான் சொன்ன."

 ஒரு காலத்தில் புருஷனைக் காப்பாற்றச் சொன்ன பொய்யும், இப்போது சொல்கிற உண்மையும் அண்ணன் காதில் ஒரே மாதிரி விழுகின்றன என்று அவளுக்குப் புரிந்தது. எவ்வளவு அழுத்திச் சொன்னாளோ அவ்வளவுக்கு யாரும் நம்பவில்லை. குழாயடியில் நின்ற பெண்கள் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள்.

"நீ சொல்லு மாப்ள," என்றான் முனீஸ். "நீ அடிக்கல?"

"இப்பம் அடிக்கல."

அந்த "இப்பம்" என்ற சொல் எல்லார் காதிலும் விழுந்தது. ஜெயபாண்டி பொய் சொல்லத் தெரியாமல் அப்படிச் சொல்லிவிட்டான். முனீஸ் தங்கையின் துணிமணிகளை ஒரு பையில் திணித்து, அவள் அழ அழ அழைத்துக்கொண்டு போனான்.

முனீஸின் வீடு காங்கயம் ரோட்டுப் பக்கம். அவன் மனைவி சின்னத்தாய் நல்ல மாதிரி. நாத்தனாரை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. விஜயராணி அங்கிருந்தே கம்பெனிக்குப் பஸ்ஸில் போய்வந்தாள். அந்த மாதம் அவளுக்கு உதிரப்போக்கு ஒன்பது நாள் நிற்கவில்லை. அதை மைனி சின்னத்தாயிடம்கூடச் சொல்லவில்லை. வேலை நேரத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஊசி ஓட்டை இருந்த நான்கு பீஸ்களைப் பார்க்காமல் தள்ளிவிட்டுப் பேச்சு வாங்கினாள்.

அங்கே வந்து மூன்று வாரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை. சின்னத்தாய் அவளை முற்றத்தில் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்தாள். பின்கழுத்திலிருந்து முதுகுக்கு வழிந்த எண்ணெயைத் துடைக்கச் சேலையை விலக்கியவள் கையை எடுத்துக்கொண்டாள். தோள்பட்டைக்குக் கீழே, கருநீலமாக, புத்தம்புதிதாக ஒரு காயம். நேற்றுக் குளிக்கும்போது முதுகு தேய்த்துவிட்டது அவள்தான். அப்போது அங்கே ஒன்றும் இல்லை. சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பார்த்தாள். இரண்டு காலிலும் கடுகு சிந்தினாற்போலச் சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடி என்று விரலால் அழுத்தினாள். அழுத்தியும் சிவப்பு மாறவில்லை.

"மைனி, பல்லு தேய்க்கையில ரத்தம் வருது. நாலு நாளாச்சு," என்றாள் விஜயராணி மெதுவாக.

சின்னத்தாய் எழுந்து உள்ளே போனாள். முனீஸ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"அவ முதுகுல புதுசா ஒரு காயம் இருக்கு. நேத்து இல்ல. நம்ம வீட்டுல யாரு அவள அடிச்சா? நீங்களா, நானா?"

முனீஸ் பேப்பரைக் கீழே வைத்தான். வெளியே வந்து பார்த்தான்.  பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றான்.

அரசு ஆஸ்பத்திரியில் முந்தின வருடத்துச் சிக்குன்குனியாவையும் டெங்குவையும் மனதில் வைத்துக்கொண்டு காய்ச்சல் இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். இரத்தம் எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்துச் சீட்டோடு வந்த டாக்டர், அவளை நடக்கவிடாமல் ஒரு கட்டிலில் உட்காரவைத்தார். காயம் பட்டால் இரத்தத்தை உறையவைப்பவை தட்டணுக்கள்; சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும்; இவளுக்குப் பதினாலாயிரம்தான் இருக்கிறது என்றார். "உடனே கோயமுத்தூர் கொண்டுபோங்க. வழியில எங்கயும் விழுந்துடாம பாத்துக்குங்க."

சின்னத்தாயைத் துணைக்கு விட்டுவிட்டு முனீஸ் நேராக மண்ணரைக்குப் போனான். ஷிப்மெண்ட் அவசரம் என்று ஞாயிற்றுக்கிழமையும் அந்த நிட்டிங் யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. ஜெயபாண்டி தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்ட நின்றிருந்தான். முனீஸைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தான். இன்னொரு அடிக்குத் தயாரானவன்போல நின்றான்.

"ராணிக்கு ரத்தத்துல ஏதோ குறையாம். அதனாலதான் அந்தக் காயமெல்லாம்." என்றான் முனீஸ். "மாப்ள..."

"எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டான் ஜெயபாண்டி. பதிலைக் கேட்டுக்கொண்டு, பஞ்சைக்கூடத் தட்டாமல் ரோட்டில் இறங்கி வேகமாக நடந்தான்.

கோயமுத்தூரில் இரத்த நோய்களைப் பார்க்கும் டாக்டர் திருமூர்த்தி ஐம்பது வயதுக்காரர். அவசரப்படாமல் பேசுவார். இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எதற்கு என்று ஜெயபாண்டி கேட்டான். "புற்றுநோய் இல்லைங்கறத உறுதி பண்ணிக்கணுமுங்க" என்றார். முடிவு வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் ஜெயபாண்டி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தான். முனீஸ் வார்டு வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போனான்.

அடுத்த கட்டிலில் ராமாயி என்றொரு அம்மா இருந்தாள். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தோப்பில் தேங்காய் உரிக்கிறவர்களின் கூட்டத்தில் வேலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். அவளுக்கும் இதே மாதிரி தட்டணுக்கள் குறைகிற நோய்தான். ஒரு வருடமாக அலைகிறாள்.

"எனக்கும் இப்படித்தான் கண்ணு, ஒடம்பெல்லாம் நீலம் நீலமா வந்துச்சு. எங்கூர்ல பேய் அறஞ்சிருச்சுன்னு மந்திரிச்சாங்க," என்று சொல்லிச் சிரித்தாள். "உனக்கு என்ன சொன்னாங்க?"

விஜயராணி தரையில் தூங்கிக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். "எனக்கும் அதே மாதிரி என்னமோ சொன்னாக" என்று நிறுத்திக்கொண்டாள்.

மஜ்ஜையில் புற்று இல்லை. டாக்டர் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். உடம்பில் தட்டணுக்கள் உற்பத்தியாகின்றன. ஆனால் கிருமிகளைத் தாக்க வேண்டிய உடம்பின் காவலே அவற்றையும் பகை என்று நினைத்து அழிக்கிறது. "ஆள் தெரியாம அடிக்குதுங்க. அவ்வளவுதான்," என்றார். ஜெயபாண்டி நிமிர்ந்து பார்த்தான். அந்தக் காவலை அடக்க ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்.

பத்து நாளில் எண்ணிக்கை எழுபதாயிரத்துக்கு ஏறியது. அனுப்பிவைத்தார்கள். விஜயராணி அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக லைன் வீட்டுக்கு வந்தாள். அன்று மாலையே முனீஸ் சின்னத்தாயோடு வந்தான். குழாயடியில் அதே பெண்கள் இருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி நின்றுகொண்டு, "நான் அன்னைக்கு விசாரிக்காம எம் மாப்ளயக் கை நீட்டிட்டேன். அவரு மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாரும் தெரிஞ்சுக்கிடுங்க," என்றான். 

ஒரு பெண், "எங்களுக்கு அப்பவே தெரியும், தங்கமான மனுசரு" என்றாள்.

ஜெயபாண்டி வாசலில் நின்றான். முகம் சுண்டிப்போயிருந்தது. "அப்படிச் சொல்லாதீங்க மச்சான். எட்டு வருசத்துக்கு முன்னால நான் ராணிய அடிச்சிருக்கேன். அது நெசம். அன்னைக்கு நான் அடிக்காம இருந்திருந்தா, அவ இப்பம் சொன்னத நீங்க நம்பியிருப்பீக. ஒரு மாசம் முந்தியே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம்."

 குழாயில் தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. சின்னத்தாய்தான் போய் மூடினாள்.

உள்ளே உட்கார்ந்திருந்த விஜயராணி அதைக் கேட்டாள். அன்று அவன் அடித்ததைப் பற்றி அவர்கள் இருவரும் எட்டு வருடமாகப் பேசியதில்லை. அவன் அதை மறந்தே போய்விட்டான் என்று நினைத்திருந்தாள். அவன் உள்ளே வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அன்றைக்கு அவள் அவனுடைய பாயை அறைக்குள்ளேயே விரித்தாள்.

ஆனால் நோய் போகவில்லை. ஸ்டீராய்டில் அவள் முகம் உருண்டையாக வீங்கியது. மாத்திரையைக் குறைக்கக் குறைக்க எண்ணிக்கை இறங்கியது. கார்த்திகையில் இருபத்தோராயிரம். காயங்கள் திரும்பவும் வந்தன. தட்டணுக்கள் அதிகமாக அழிவது மண்ணீரலில்தான், அதை எடுத்துவிடுவது ஒரு வழி, யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். வயிற்றைக் கிழிக்கும் ஆபரேஷன். அவள் பயந்துபோனாள்.

"வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்குதாங்கம்மா?" என்று எழுதிக்கொண்டே கேட்டார்.

"இல்லைங்க."

"இவளுக்கு வயிறு எரியும் சார்," என்றான் ஜெயபாண்டி.

"அது எல்லாருக்கும் உள்ளதுதான," என்றாள் அவள்.

"இல்ல சார். ஆறேழு வருசமா இருக்கு. விடியக்காலம் எந்திரிச்சு வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. கடையில மாத்திரை வாங்கிச் சப்புவா. ரெண்டு வாய் சாப்பிட்டா வயிறு நெறஞ்சிட்டுங்கா. இந்த மாத்திரை திங்க ஆரம்பிச்சதுல இருந்து இன்னும் சாஸ்தி."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "ஏம்மா, இதை ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க ரத்தத்தப் பத்தித்தான சார் கேட்டீக."

அவர் பேனாவை மூடி வைத்தார். இரைப்பைக்குள் குடியிருக்கும் ஒரு கிருமியைப் பற்றிச் சொன்னார். அமிலத்தில்கூடச் சாகாத பாக்டீரியா. வயிற்றுப் புண்ணுக்கு அதுதான் பெரும்பாலும் காரணம். நம் ஊரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் வயிற்றில் இருக்கிறது. முக்கால்வாசிப் பேருக்கு ஒரு தொந்தரவும் தராது. ஆனால் சிலருடைய உடம்பில், அந்தக் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் காவல்தான் வழிதவறித் தட்டணுக்களைத் தாக்குகிறதோ என்று சந்தேகிக்கிறார்கள். "இத்தாலியிலயும் ஜப்பான்லயும் கொஞ்ச வருசமா இதைப் பத்தி எழுதறாங்க. கிருமியக் கொன்னா, பாதிப் பேருக்கு அணுக்கள் ஏறுதுன்னு சொல்றாங்க. மீதிப் பேருக்கு ஏறலீங்க. நான் பொய் நம்பிக்கை குடுக்க மாட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால பாத்துரலாம்."

"பாத்துருங்க சார்," என்றான் ஜெயபாண்டி.

அணுக்கள் குறைவாக இருக்கும்போது வயிற்றுக்குள் குழாய் விட்டுச் சதை எடுத்தால் இரத்தம் நிற்காது. அதனால் ஸ்டீராய்டைக் கூட்டி, எண்ணிக்கை எண்பதாயிரத்தைத் தொட்ட பிறகு, மார்கழியில் ஒரு காலை அவளைப் படுக்கவைத்தார்கள். தொண்டை மரத்துப்போக மருந்தை அடித்து, குழாயை விழுங்கச் சொன்னார்கள். கண்ணில் நீர் வழிய அவள் ஜெயபாண்டியின் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளேயிருந்து கிள்ளி எடுத்த துணுக்குச் சதையை நர்ஸ் ஒரு மஞ்சள் கூழில் வைத்தார். கிருமி இருந்தால் நிறம் மாறும் என்றார். முக்கால் மணி நேரத்தில் அந்த மஞ்சள், ரோஜா நிறமாயிற்று.

பதினான்கு நாள் மருந்து. காலையிலும் மாலையிலும் மூன்று வகை மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்றார்கள். வாயெல்லாம் இரும்பை நக்கியதுபோலக் கசந்தது. வயிறு கடகடவென்று போனது. நான்காம் நாள், "எனக்கு முடியல, விட்டுருதேன்" என்றாள். ஜெயபாண்டி கஞ்சியை ஆற்றிக்கொண்டு, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். வற்புறுத்தவில்லை. அவளே வாங்கி விழுங்கினாள்.

ராமாயிக்கும் சோதனை செய்து, அதே கிருமி இருந்து, அதே மருந்தைக் கொடுத்திருந்தார்கள். தை மாதத்தில் சோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போனபோது இருவரும் வரிசையில் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். "ஏ கண்ணு, வாய் கசக்குதா உனக்கும்? நான் வெல்லத்த நக்கிட்டு முழுங்கினேன்," என்றாள் ராமாயி. ஸ்டீராய்டைக் குறைத்ததும் மறுபடி சரிந்திருந்த விஜயராணியின் எண்ணிக்கை அன்று முப்பத்தெட்டாயிரத்துக்கு ஏறியிருந்தது. ராமாயிக்குப் பன்னிரண்டாயிரம். "உனக்கு ஏறுது பாரு," என்று ராமாயி அவள் கன்னத்தைத் தடவினாள். அந்தக் கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நீலம்.

மாசியில் விஜயராணிக்கு எண்பதாயிரத்தைத் தாண்டியது. இந்தத் தடவை ஸ்டீராய்டை நிறுத்தியும் இறங்கவில்லை. வயிற்று எரிச்சல் நின்றது. முகத்து வீக்கம் வடிந்தது. பங்குனியில் திரும்ப வேலைக்குப் போனாள். கலைமகள் அவளைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"நான் போன் பண்ணித்தான கண்ணு அத்தனையும் நடந்துச்சு. உங்க ஊட்டுக்காரர் மொகத்துல முழிக்கவே எனக்குக் கூச்சமா இருக்குது."

"நீங்க பண்ணுனது சரிதான்க்கா," என்றாள் விஜயராணி. "நாளைக்கு வேற யாருக்காவது இப்படி இருந்தாலும் பண்ணுங்க. கையோட ரத்தமும் பாக்கச் சொல்லுங்க."

கலைமகள் தலையாட்டினாள். அவளை மின்விசிறிக்குக் கீழே இருந்த மேசைக்கு மாற்றிவிட்டாள்.

சித்திரையில் மூன்றாம் மாதச் சோதனை. டாக்டர் திருமூர்த்தி சீட்டைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். "ஒரு லட்சத்து நாப்பத்தாறாயிரம்!" என்றார். அவர் சிரித்து விஜயராணி பார்த்தது அதுதான் முதல் தடவை. ஜெயபாண்டி கையெடுத்துக் கும்பிட்டான். இது திரும்ப வராது என்று சொல்ல முடியாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் விஜயராணி ராமாயியைத் தேடினாள். ஒரே நாளில்தான் இருவருக்கும் வரச்சொல்லியிருந்தார்கள். இரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் இல்லை. மருந்துக் கவுண்ட்டரிலும் இல்லை. வார்டில் பழகிய நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ் அவளை ஓரமாக அழைத்துப் போனார். ராமாயிக்கு அந்த மருந்தில் அணுக்கள் ஏறவில்லை. மண்ணீரல் ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் காலையில் தலை வலிக்கிறது என்று சொல்லிப் படுத்திருக்கிறாள். தலைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது. இங்கே கொண்டுவந்து சேர்க்கும்போதே நினைவு இல்லை. மறுநாளே இறந்துவிட்டாள்.

விஜயராணி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கையில் சீட்டு இருந்தது. ஜெயபாண்டி தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தான். குடிக்கவில்லை.

திருப்பூர் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். பஸ் அவிநாசியைத் தாண்டியது.

"ஒரே நோவு. அதே பூச்சி. அதே மாத்திரையத்தான் அவுகளும் தின்னாக," என்றாள். "எனக்கு மட்டும் ஏன் ஏறுச்சு?"

 டாக்டருக்கே தெரியாது என்றுதான் ஜெயபாண்டிக்குத் தோன்றியது. "பாதிப் பேருக்குன்னு சொன்னாருல்லா," என்றான். சொன்ன பிறகு, அது ஒரு பதிலே இல்லை என்று அவனுக்கே பட்டது. அவள் தோள்மேல் கையை வைத்தான். அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். டிக்கெட்டைச் சரிபார்க்க வந்த கண்டக்டர், கொஞ்சம் தள்ளிப் போய் மற்றவர்களைக் கேட்டுவிட்டுப் பிறகு வந்தார்.

மறுநாள் வேலைக்குப் போனாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் கலைமகள், "டாக்டர் என்னங்கண்ணு சொன்னாரு?" என்று கேட்டாள். விஜயராணி முதலில் தன் எண்ணிக்கையைச் சொன்னாள். பிறகு ராமாயியைப் பற்றிச் சொன்னாள். உடுமலைப் பக்கத்துக்காரி என்றும், தேங்காய் உரிக்கிற வேலை என்றும், எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பாள் என்றும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை கலைமகள் தன் தூக்குப்போசியைத் திறக்கவில்லை.